கம்பியின் இடப்பக்கம்

வலப்பக்கம் சரியானால் இடப்பக்கம் கெட்டது. இடப்பக்கத்தைத் திருத்தினால் வலப்பக்கம் கெட்டது. இரண்டும் ஒரே கம்பிதான். லோகு காலையிலிருந்து அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியின் முள் பச்சைக்கு வருவதும் விலகுவதுமாக இருந்தது.

சென்னையை அடுத்த கோவளத்தில் படகுத் துறைக்கு இறங்கும் தெருவில் அவன் வீடு. முன்னறையில் பாதி இடத்தை அந்த வாத்தியமே எடுத்துக்கொண்டிருந்தது. பார்த்தால் ஒரு மேசை மாதிரி இருக்கும்: வாசிப்பவர் உட்காரும் பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் ஒரு தட்டையான மரப்பெட்டி, அதைத் தாங்கக் கால்கள். மேலே இடமிருந்து வலமாக எஃகுக் கம்பிகள். எண்ண ஆரம்பித்தால் பாதியிலேயே கண் பின்னிக்கொள்ளும் அளவுக்குக் கம்பிகள். சீனர்கள் இதை யாங்ச்சின் என்கிறார்கள். விரலால் மீட்டுவதில்லை, வில்லும் கிடையாது. நுனியில் ரப்பர் வைத்த இரண்டு மெல்லிய மூங்கில் குச்சிகளால் தட்டி வாசிக்க வேண்டும்.

லோகுவின் சிக்கல் புரிய, ஒரே ஒரு கம்பியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு முனை இடது ஓரத்தில் ஓர் ஆணியில் மாட்டியிருக்கிறது. மறுமுனை வலது ஓரத்தில் முறுக்காணியில் சுற்றியிருக்கிறது. நடுவே ஒரு மரக்கட்டையின் மேல் ஏறி இறங்குகிறது. வீணையிலும் வயலினிலும் போலவே இதற்கும் குதிரை என்றுதான் பெயர். மற்ற வாத்தியங்களில் குதிரைக்கு ஒரு பக்கம்தான் ஒலிக்கும். யாங்ச்சினில் இரண்டு பக்கமும் ஒலிக்கும். குதிரையை நட்டநடுவில் வைக்காமல், வலப்பக்கம் மூன்று பங்கு நீளமும் இடப்பக்கம் இரண்டு பங்கு நீளமும் வருகிற மாதிரி வைத்திருப்பார்கள். நீளம் குறைந்தால் சுரம் உயரும். அதனால் வலப்பக்கம் தட்டினால் ‘ச’ என்றால், அதே கம்பியை இடப்பக்கம் தட்டினால் ‘ப’. ஒரு கம்பியில் இரண்டு சுரம். எவ்வளவு அழகான சிக்கனம்.

அந்த அழகுக்குள்தான் சிக்கலும் இருந்தது. முறுக்காணியைத் திருகினால் கம்பி முழுவதுமே இறுகும். இரண்டு சுரமும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். லோகுவின் வீட்டு யாங்ச்சினில் ‘ச’வைச் சரியாக வைத்தால் ‘ப’ கொஞ்சம் தாழ்ந்து, அழுக்காக ஒலித்தது. ‘ப’வை மேலே ஏற்றினால் ‘ச’வும் கூடவே ஏறிவிடும். இத்தனைக்கும் எல்லாக் கம்பிகளிலும் ஒரே அளவு பிசகு இல்லை. ஒன்றில் ஒரு மயிரிழை, அடுத்ததில் கால் சுரம்.

அவன் மனைவி ஷீலா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வாசிக்கிறவள் அவள்தான். அவளுடைய இடது காது போன வருடமே முழுசாக அடைத்துவிட்டது. வலது காதும் போய்க்கொண்டிருந்தது. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு படம் வரைந்து காட்டினார். காதுக்குள் நத்தைக்கூடு போல ஒரு சுருள், அதற்குள் மிக நுண்ணிய முடிகள். சத்தம் வந்தால் அவை ஆடும். அந்த ஆட்டத்தைத்தான் நரம்பு மூளைக்குச் சொல்லும். ஷீலாவுக்கு அந்த முடிகள் செத்துக்கொண்டிருந்தன. கீச்சென்ற உயர்ந்த சத்தங்களுக்கான முடிகள் முதலில் போகும், கனத்த சத்தங்களுக்கானவை கடைசியில் போகும். போனது முளைக்காது. காதுக்கு வைக்கும் மிஷின், மிச்சமிருக்கும் முடிகளை இன்னும் பலமாக ஆட்டுமே தவிர, இல்லாததை உண்டாக்காது. எவ்வளவு நாள் என்று லோகு கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

“ஒரு வாட்டி முழுசா வாசிச்சு கேட்டுடணும். அப்பறம் போனா போவட்டும்,” என்றாள் ஷீலா, பஸ்ஸில் திரும்பும்போது.

ஆனால் தப்பான சுருதியில் வாசிக்க மாட்டேன் என்றும் சொல்லிவிட்டாள். கடைசியாகக் கேட்டதுதான் தலைக்குள் தங்கும் என்பது அவள் கணக்கு. “தப்பா கேட்டுட்டு, மிச்ச காலம் பூரா அதையே நெனச்சுகினு கெடக்க என்னால ஆவாது. நீ சரி பண்ட்டு கூப்டு.”

அவளே சரிசெய்துகொண்டிருக்கலாம்தான். அவளுக்குத் தெரியாது. யாங்ச்சினுக்குச் சுருதி சேர்த்ததெல்லாம் சீனாவில் அவளுக்குத் தோழியாக இருந்த லின்.

லோகு கோவளத்து மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. கடலுக்குப் போகப் பிடிக்காமல், சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஒரு தமிழ் வியாபாரியின் கிடங்கில் பேக்கிங் வேலைக்குப் போனான். கப்பல் கன்டெய்னருக்குள் சாமான் ஆடாமல் இருக்க எங்கே கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும், எங்கே ஆப்பு செருக வேண்டும் என்பது அவன் தொழில். கல்யாணமான பிறகு ஷீலாவும் போனாள். பகலெல்லாம் பேச ஆளில்லாமல் கிடந்தவளுக்கு, அதே மாடியில் எதிர்வீட்டில் இருந்த லின் கிடைத்தாள். ஷீலாவின் வயதுதான். தையல் ஆலையில் கணக்கெழுதுபவள், சாயங்காலம் பூங்காவில் ஒரு குழுவோடு யாங்ச்சின் வாசிப்பவள். பாதி சீனம், பாதி சைகை என்று இருவரும் பேசிப் பழகி, ஷீலா வாசிக்கவும் கற்றுக்கொண்டாள். இவர்கள் ஊருக்குப் புறப்பட வேண்டி வந்தபோது லின் தன் பழைய யாங்ச்சினை அவளுக்கே கொடுத்தாள்.

சுருதி சேர்க்கும்போதெல்லாம் லின் அந்த வாத்தியத்தின் கதையைச் சொல்வாள். ஷீலா வீட்டுக்கு வந்து அதை லோகுவுக்குச் சொல்வாள். இது சீனாவில் பிறந்ததே இல்லை. பாரசீகத்தில் தட்டி வாசித்த ஒரு கம்பிப் பெட்டி, சுமார் நானூறு வருடத்துக்கு முன் கப்பலில் ஏறித் தென்சீனத் துறைமுகங்களில் இறங்கியது. தரைவழியாக ஒட்டகத்தில் வந்தது என்பவர்களும் உண்டு, லின் கப்பல் கட்சி. வெளிநாட்டு வாத்தியம் என்றுதான் முதலில் அதைக் கூப்பிட்டார்கள். அப்போது அது சின்னது. வண்ணத்துப்பூச்சி மாதிரி வளைந்த உடம்பு, இரண்டே குதிரை, மெல்லிய பித்தளைக் கம்பி, மெதுவான சத்தம். தேநீர்க் கடையிலும் நாடகக் கொட்டகையிலும் பாட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. போன நூற்றாண்டின் நடுவில்தான் அதைப் பெரிதாக்கினார்கள். குதிரைகளைக் கூட்டி, எஃகுக் கம்பி போட்டு, மேடைக்கு ஏற்றினார்கள். “அந்தக் கப்பலு உங்க ஊர் தாண்டித்தான் வந்திருக்கும், மகாபலிபுரத்தாண்ட நின்னிருந்தாலும் நின்னிருக்கும்னு லின் சொல்லுது,” என்று ஷீலா ஒருநாள் சொன்னாள். இருவருக்கும் அது பிடித்திருந்தது.

ஊர் திரும்பியது கொரோனா காலம். யாங்ச்சின் தனியாகப் பின்னால் கப்பலில் வந்தது. அதற்குள், லின்னோடு பேச இருந்த ஒரே செயலி இந்தியாவில் தடை செய்யப்பட்டது. வேறு நம்பர் கிடையாது. அதோடு லின்னின் தொடர்பு அறுந்துவிட்டது.

லோகு இப்போது நாவலூரில் வீடு மாற்றித் தரும் ஒரு கம்பெனியில் வேலை செய்தான். ஐ.டி. ஆட்களின் கட்டிலையும் பீரோவையும் ஒரு அடுக்கு வீட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்குவது. லீவு நாளெல்லாம் யாங்ச்சினோடு கழிந்தது. முதலில், கம்பி குதிரையில் ஒட்டிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் இறுகி நிற்கிறதோ என்று நினைத்தான். நியாயமான சந்தேகம்தான். குதிரைக்குப் பக்கத்தில் கம்பியை விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தான். மாறவில்லை. உப்புக்காற்றில் பலகை உப்பியிருக்குமோ என்று ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை உள்ளே வைத்தான். மாறவில்லை. பிறகு நல்ல யோசனை ஒன்று வந்தது. இரண்டு பக்கமும் ஒரே இறுக்கம் என்றால், வித்தியாசம் நீளத்தில்தான் இருக்க வேண்டும். குதிரை ஒட்டப்பட்டதில்லை, கம்பிகளின் அழுத்தத்திலேயே நிற்கிறது. அதை இடப்பக்கம் துளி தள்ளினால் இடப்பக்கம் குறையும், ‘ப’ ஏறும்.

தள்ளினான். ‘ப’ ஏறியது. அந்தக் கம்பிக்கு எல்லாம் சரியானது. ஆனால் குதிரை என்பது முன்னும் பின்னுமாக ஓடும் நீளக் கட்டை. அதே கட்டையின் மேல்தான் மற்றக் கம்பிகளும் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்காகத் தள்ளியது பக்கத்திலிருந்த எல்லாவற்றையும் கெடுத்தது. இங்கே தள்ளி, அங்கே இழுத்து, சாயங்காலம் ஆனபோது முன்னைவிட மோசமாக இருந்தது.

அவன் தம்பி மோகன் மீன் கூடையை இறக்கிவிட்டு எட்டிப் பார்த்தான். “இன்னா அண்ணாத்த, இன்னும் அந்த இட்லித் தட்டையா நோண்டிகினு கீற? ஒரு ரேடியோப் பொட்டி வாங்கிக் குடு அண்ணிக்கு.”

ஷீலா அவனைப் பார்த்துச் சிரித்தாள். மோகன் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை என்பது லோகுவுக்கு அந்தச் சிரிப்பில் தெரிந்தது. கேட்டிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

அடுத்த வாரம் படூரில் ஒரு வீடு மாற்றும் வேலை. கீர்த்தனா என்ற பெண், தனியாக இருப்பவள், பெங்களூருக்குப் போகிறாள். எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டவள், ஒரு மரப்பெட்டியை மட்டும் தானே பேக் செய்தாள். லோகு பார்த்ததும் நின்றுவிட்டான். அகலமான பக்கம், குறுகலான பக்கம், குறுக்கே கம்பிகள். யாங்ச்சினின் குட்டி மாதிரி இருந்தது.

“சந்தூர்,” என்றாள் அவள். “காஷ்மீர்ல வாசிக்கிறது. இதோட சொந்தக்காரங்க ஈரான்ல இருக்காங்க.”

அதில் நீளக் குதிரை இல்லை. சதுரங்கக் காய்கள் போலச் சின்னச் சின்னதாக, ஒரே சுரத்துக்குச் சேர்ந்து ஒலிக்கும் ஒவ்வொரு கம்பிக் கொத்துக்கும் தனித்தனிக் குதிரை. வரிசையாகத்தான் நின்றன, ஆனால் நேர்கோட்டில் இல்லை. ஒன்று கொஞ்சம் முன்னே, ஒன்று கொஞ்சம் பின்னே. லோகுவின் கை, பேக்கிங் பழக்கத்தில், முன்னே நின்ற ஒன்றை வரிசைக்குத் தள்ளப் போனது.

“அண்ணா, அதைத் தொடாதீங்க. கோணலா நிக்கலை. அது அதுக்கு எங்க சுருதி சேருதோ அங்க நிக்குது.”

கூட வேலை செய்யும் பிரபா கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, “மச்சான், கைய எடு. நம்ம கம்பெனிப் பேரு கெட்டுடும்,” என்றான். லோகு கையை எடுத்தான். ஆனால் கட்டிலைத் தூக்க வரவில்லை. அவனுக்கு உள்ளங்கையில் குளிர்ந்து, கனமாக, வேறு ஏதோ உருளைகள் நினைவுக்கு வந்துகொண்டிருந்தன.

யாங்ச்சின் கப்பலில் வந்து இறங்கிய அன்று அவனே அதைப் பிரித்தான். ஷீலா அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பெட்டியின் இடது ஓரத்தை மூடியபடி ஒரு குறுகிய மரப்பட்டை உண்டு. அதைத் தூக்கினால், கம்பிகள் ஆணியில் மாட்டும் இடத்துக்குச் சற்று முன்னால், கொத்துக்கு ஒன்றாகப் பித்தளை உருளைகள் கம்பிக்கு அடியில் செருகியிருந்தன. நடுவில் ஓட்டை போட்ட சின்ன உருளைகள். நேர்கோட்டில் இல்லை, ஒன்று முன்னே, ஒன்று பின்னே. இரண்டு கழன்று உருண்டு கிடந்தன. பயணத்தில் கம்பி ஆடாமல் இருக்கக் கொடுத்த முட்டு என்று எடுத்துக்கொண்டான். சாமான் வந்து சேர்ந்ததும் முதலில் ஆப்பை உருவ வேண்டும், இல்லையென்றால் சாமானில் தழும்பு விழும். ஆயிரம் பெட்டிகளுக்குச் செய்ததை இதற்கும் செய்தான். ஒவ்வொன்றாக உருவி எடுத்தான், ஒரு கீறல் விழாமல். லின் அந்த மூடியை ஷீலாவின் எதிரில் திறந்ததில்லை. சுருதி சேர்க்கும்போது லின் உட்கார்ந்திருந்தது முறுக்காணிகள் இருக்கும் வலப்பக்கம். அதனால் அங்கே ஏதோ இருந்தது என்பதே ஷீலாவுக்குத் தெரியாது.

கட்டிலைத் தூக்கியபடியே லோகு எல்லாவற்றையும் கோர்த்துப் பார்த்தான். பாரசீகத்துப் பெட்டியில் ஒவ்வொரு கொத்துக்கும் ஒரு குதிரை, அதை நகர்த்தி இரண்டு பக்கத்தையும் தனியாகச் சேர்க்கலாம். சீனத்துக்கு வந்தபோது குட்டிக் குதிரைகளை எல்லாம் ஒரே நீளக் கட்டையாக்கினார்கள். கட்டை பலமானது, ஆனால் நகர்த்தும் வசதி போனது. போன வசதியை வேறொரு இடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஓரத்தில் கொடுத்தார்கள், அந்த உருளைகளாக. அவன் உருவியது ஆப்பை அல்ல. இடப்பக்கத்தில் ஒலிக்கும் நீளம் முடியும் முனையை.

சாயங்காலம் படகுத் துறையில் மோகனைப் பிடித்தான். அந்தப் பித்தளை உருளைகளை அவனிடம்தான் கொடுத்திருந்தான்.

மோகன் வலை பின்னும் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு யோசித்தான். “ஓட்டை கீற குண்டா? ஈயத்துக்குப் பதிலா வலையில கோத்தேன். ஷோக்கா எறங்கும் அது. ஏன்?”

“அந்த வல எங்கடா?”

“மிக்ஜாம் புயல்ல கரையில வச்சிருந்த வலையெல்லாம் அலை இழுத்துகினு போச்சே. நீயுந்தான நின்னு பாத்த.” பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைக் கீழே வைத்தான். “இன்னா அண்ணாத்த, வெல ஒசந்த சாமானா?”

இல்லை என்று சொல்லிவிட்டு லோகு வீட்டுக்கு நடந்தான்.

அதே உருளைதான் வேண்டும் என்பதில்லை. ஒரு கொத்துக் கம்பிக்குக் குறுக்கே கிடக்கும் நீளம் இருக்க வேண்டும். கம்பியை ஓரக்கட்டையைவிட்டுத் தூக்கும் அளவு பருமன் வேண்டும். கம்பி கடிக்காத, நசுங்காத உலோகம் வேண்டும். ஆணியை வெட்டிப் பார்த்தான், கோவளத்துக் காற்றில் ஒரே வாரத்தில் துருவேறிக் கம்பியையும் கறையாக்கியது. மூங்கில் துண்டில் கம்பி பதிந்து உள்ளே போனது, சுரம் மழுங்கியது. கடைசியில் வேலைக்குப் போன வீட்டில் பழைய மிக்ஸி ஒன்றைத் தூக்கிப் போட்டபோது, அதன் பிளக் கண்ணில் பட்டது. உருண்டையான பித்தளைக் கால்கள். ஒரு பிளக்குக்கு இரண்டு சம உயரக் கால், தேவையான பருமன், தேவையான நீளம்.

முதல் துண்டைச் செருகினான். வலப்பக்கத்து ‘ச’வை முறுக்காணியால் வைத்தான். பிறகு துண்டை நகத்தால் குதிரையை நோக்கித் தள்ளினான். ‘ச’ அசையவில்லை. ‘ப’ மட்டும் ஏறி, ஏறி, ஓர் இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஷீலா அப்போது பின்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க்குழாயைக் கொஞ்சம் பலமாகத் திறந்தால் அவளுக்கு இன்னும் அது கேட்டுக்கொண்டிருந்த நாட்கள்.

கூப்பிடவில்லை. ஒரு கொத்துத்தானே சரியாகியிருக்கிறது. பாதி பிரித்த சாமானை வாடிக்கையாளரிடம் காட்டக் கூடாது என்பது அவன் தொழிலில் பழகிய ஒழுங்கு. தவிர, அவளே சொல்லியிருக்கிறாள், சரி பண்ட்டு கூப்டு என்று. முழுதும் முடியட்டும்.

பிளக் சேர நாளானது. கடையில் புதிதாக வாங்கியவற்றின் கால்கள் உள்ளீடற்று மெல்லிசாக இருந்தன, கம்பியின் அழுத்தத்தில் நசுங்கின. பழைய சாமானில்தான் கெட்டிப் பித்தளை. பிரபா வேலைக்குப் போன வீடுகளிலெல்லாம் கெட்டுப்போன அயர்ன்பாக்ஸ், ஃபேன் என்று கேட்டு வாங்கி வந்தான். மோகன் படகு ரிப்பேர்க் கடையில் தேடினான், எதற்கென்று கேட்கவில்லை. லோகு ஒவ்வொரு சாயங்காலமும் ஒன்றிரண்டு கொத்துகளை முடித்தான்.

அதற்கு நடுவில் ஷீலாவுக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. எழுந்த பிறகு ஒரு காலையில் மிக்ஸியைப் போட்டாள். ஓடவில்லை என்று நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து, லோகுவைத் திரும்பிப் பார்த்தாள். அதையும் வெட்டிவிட்டான் என்று நினைத்திருக்கிறாள். மிக்ஸி நன்றாகத்தான் ஓடியது. லோகு இரண்டு தரம் சொன்னான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பிளக்கைத் திரும்ப மாட்டி, மிக்ஸியின் மேல் கையை வைத்து, அது நடுங்குவதைத் தொட்டுப் பார்த்தாள்.

செங்கல்பட்டுக்குப் போனார்கள். போனது முளைக்காது என்று டாக்டர் முன்பு சொன்னதையே சொன்னார்.

மிச்சக் கொத்துகளை லோகு அதற்குப் பிறகும் விடவில்லை. விட்டுவிட்டு வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. கடைசித் துண்டு உட்கார்ந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளைத் தோளில் தொட்டுக் கூப்பிட்டான்.

ஷீலா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். குச்சிகளை எடுத்தாள். லின் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தை வாசித்தாள், வலம், இடம், வலம், இடம் என்று குதிரையின் இரு பக்கமும் மாறி மாறித் தட்டும் பாடம். மணிக்கட்டு எதையும் மறக்கவில்லை. அறை முழுக்கச் சுத்தமான சுருதி நிறைந்தது. தெருவில் மீன் வண்டியோடு போனவர் நின்று பார்த்தார். ஷீலா பாதியில் நிறுத்தி, பலகையில் இடது உள்ளங்கையை அழுத்திக்கொண்டு வலது கையால் மட்டும் தட்டினாள். நடுக்கம் கைக்கு வந்திருக்கும். ஆனால் சரியான சுரத்துக்கும் தப்பான சுரத்துக்கும் மரம் ஒரே மாதிரிதான் நடுங்கும். அந்த வித்தியாசம் கைக்குத் தெரியாது. கையை எடுத்துவிட்டாள்.

“சரியா கீதா?”

லோகு தலையாட்டினான்.

“எல்லாமா?”

மறுபடி தலையாட்டினான்.

அவள் குச்சிகளைக் கம்பிகளின் மேல் சத்தமில்லாமல் வைத்தாள். பிறகு, லின் சுருதி சேர்க்கும்போது கேட்காமல் விட்டதை இப்போது கேட்டாள். “எப்பிடி பண்ண? காட்டு.”

லோகு இடது ஓரத்து மூடியைத் திறந்தான். ஒன்று முன்னே, ஒன்று பின்னேயாகக் கிடந்த பிளக் கால்களை அவள் குனிந்து பார்த்தாள். அவள் விரலைப் பிடித்து முறுக்காணியில் வைத்து, வலப்பக்கக் கம்பியைக் காட்டினான். பிறகு அதே விரலைப் பித்தளைத் துண்டின் மேல் வைத்து, இடப்பக்கக் கம்பியைக் காட்டினான். அவள் தன் உதட்டைப் படிக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

“மொதல்ல வலப்பக்கம், முறுக்காணியால. அப்பறம் இடப்பக்கம், இந்தத் துண்டைத் தள்ளி. குதிரையைத் தொடக்கூடாது.”